பூந்தமல்லிப் பள்ளிவாசலுக்கு யார் வழி சொல்வது?

பாடியில் வசிப்பவர்களுக்குப் புராதனச் சுற்றுலா என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. தொழிற்சாலைகளுக்கும் மேம்பாலத்தின் இரைச்சலுக்கும் சற்று உள்ளே தள்ளி இருக்கும் திருவலிதாயம், சம்பந்தரின் பதிகம் பெற்ற தலம். தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் முப்பத்திரண்டில் ஒன்று. குருபெயர்ச்சி நாள்களில் வெளியூர் வண்டிகள் வந்து நிற்கும். கரிக்குருவியாக வந்து பூசித்த பரத்துவாசரின் கதையைப் பூக்கடையில் இருப்பவர்கூட ஒரு குறையும் இல்லாமல் சொல்லிவிடுவார். வழி கேட்டு வருபவருக்கு வழி சொல்வதும், கூடவே கதையைச் சொல்வதும் இவ்வூரில் பழகிப்போன விஷயங்கள்.

அங்கிருந்து மேற்கே போனால் திருவேற்காடு, மாங்காடு, பூந்தமல்லி. அம்மன் தலங்களை ஒரே நாளில் தரிசித்துத் திரும்பும் வேன்களுக்கு இவை மனப்பாடம். பூந்தமல்லியில் வரதராசப் பெருமாள் கோயிலும் பட்டியலில் சேரும். திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் என்பதனால் வைணவர்களுக்கு அது இராமாநுசரின் கதையோடும் இணைந்த ஊர். இதே பூந்தமல்லியில் 1653-ஆம் ஆண்டைச் சேர்ந்த பள்ளிவாசல் ஒன்றும் இருக்கிறது என்பதை மட்டும் இந்தப் பட்டியல்கள் எவையும் சொல்வதாகத் தெரியவில்லை. வேன் ஓட்டுபவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இலக்கியமும் வரலாறும் பேசுகிற நம்மில் எத்தனை பேர் அப்பள்ளிவாசலுக்கு வழி சொல்வோம் என்பதுதான் கேள்வி.

பழைய பள்ளிவாசல்கள் புராதனச் சுற்றுலாத் தலங்கள் ஆகவேண்டுமா என்ற விவாதம் அவ்வப்போது எழுகிறது. ஆகவேண்டும் என்பவர்கள் நுழைவுச்சீட்டையும் ஒளியூட்டலையும் கற்பனை செய்கிறார்கள். கூடாது என்பவர்கள் தொழுமிடம் காட்சிப்பொருள் ஆகிவிடும் என்று அஞ்சுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே வேறொரு வழி உண்டு என்று நாம் கருதுகிறோம். அதைச் சொல்வதற்கு முன்னால் பூந்தமல்லியின் அந்த ஆண்டைச் சற்று நின்று பார்க்கலாம்.

*

பாடி என்ற சொல்லுக்கே படை தங்கும் இடம் என்ற பொருள் உண்டு. எந்தப் படை, எந்தக் காலம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னையின் இந்த மேற்குப் பகுதி படைகளும் அதிகாரிகளும் கடந்து சென்ற வழிதான். 1639-இல் மதராசப்பட்டினத்தின் மணல்திட்டை ஆங்கிலேயருக்குக் கொடுத்த தாமர்ல சகோதரர்களில் ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்தவர். ஆங்கிலேயர் கடற்கரையில் கோட்டை எழுப்பத் தொடங்கியபோது, அதிகாரம் இருந்தது பூந்தமல்லியில். கோட்டை அதன் ஓரத்தில் முளைத்த புதிய குடியிருப்பு. இன்று நமக்கு அது தலைகீழாகத் தோன்றுகிறது.

1640-களில் விஜயநகரத்தின் கடைசிக் கிளை தளர்ந்தபோது கோல்கொண்டாவின் படை தெற்கே இறங்கியது. அதை நடத்தியவர் மீர் ஜும்லா. ஈரானிலிருந்து வந்து வைர வணிகத்தில் செல்வம் சேர்த்து, அப்துல்லா குதுப்ஷாவின் அமைச்சராக உயர்ந்தவர். ஆங்கிலேயர் 1647-இல் தங்கள் சலுகைகளை அவரிடம்தான் உறுதிப்படுத்திக்கொண்டார்கள். பின்னாளில் கோல்கொண்டாவை விட்டு ஔரங்கசீப்பின் பக்கம் போய், அஸ்ஸாம் படையெடுப்பை முடித்துத் திரும்புகையில் 1663-இல் இறந்தார். அவருடைய காலத்தில், அவருக்குக் கீழே பணியாற்றிய ருஸ்தம் என்பவர் 1653-இல் எழுப்பியது பூந்தமல்லிப் பள்ளிவாசல். ருஸ்தம், ஈரானின் அஸ்தராபாதைச் சேர்ந்த துல்ஃபிகாரின் மகன். பாரசீகக் கல்வெட்டு அவரை நமக்கு அறிமுகப்படுத்துகிறது. காஸ்பியன் கடலோரத்து ஊர் ஒன்றிலிருந்து புறப்பட்ட குடும்பத்தின் பெயர் பூந்தமல்லியில் கல்லில் நிற்கிறது.

ஓர் ஒப்பீடு செய்து பார்ப்போம். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680-இல் அர்ப்பணிக்கப்பட்டது. சென்னையைப் பற்றிய எந்த வழிகாட்டி நூலும் அதைத் தவறவிடுவதில்லை. கிளைவின் திருமணம் வரையில் அங்கு நடந்தவை யாவும் எழுதப்பட்டுவிட்டன. பூந்தமல்லிப் பள்ளிவாசல் அதைவிட 27 ஆண்டு மூத்தது. திருவல்லிக்கேணியின் வாலாஜா பள்ளிவாசலைவிட 142 ஆண்டு மூத்தது. மூத்தது என்பதனாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது என்பது உண்மையே. ஆனால் சென்னையின் பிறப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், அந்தப் பிறப்பின்போது அதிகாரம் இருந்த ஊரையும் அக்காலத்துச் சாட்சியையும் பேச்சில் சேர்ப்பதில்லை.

*

ஏன் சேர்ப்பதில்லை? முதற்காரணம் நம் கண்ணில் இருக்கிறது. பழைமை என்றால் கோபுரம், பள்ளிவாசல் என்றால் குமிழ்மாடமும் மினாரும் என்று கண் பழகிவிட்டது. தமிழ்நாட்டின் மிகப் பழைய பள்ளிவாசல்களுக்கோ இந்த அடையாளங்கள் இல்லை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இருப்பவை கருங்கல் தூண்களும் தட்டைக் கூரையும் கொண்ட மண்டபங்கள். போதிகைகளும் பூவேலைகளும் நம் கோயில் சிற்பிகளின் கைவழக்கம்தான். உருவம் மட்டும் இல்லை. அந்த இடத்தைப் பூக்களும் கொடிகளும் வடிவக் கோலங்களும் நிரப்புகின்றன. முதல் பார்வைக்குக் கோயில் மண்டபம் என்று நினைத்து நுழைபவர், மேற்குச் சுவரின் மாடத்தைக் கண்டபின்தான் எங்கே நிற்கிறோம் என்று உணர்வார். திருச்சியில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே, ஹிஜ்ரி 116 எனப் படிக்கப்பட்ட அரபுக் கல்வெட்டுடன் ஒரு சின்னஞ்சிறு கல்பள்ளி இருக்கிறது. கி.பி. 734 என்று அதைக் கணக்கிடுகிறார்கள். மதுரையின் காஜிமார் பெரிய பள்ளிவாசலைப் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகிறது மரபு.

சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘மசூதி’ வெளியிலிருந்து வந்த சொல். தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது பள்ளிவாசல். சமணர் உறைந்த இடமும் பள்ளி, பௌத்தர் உறைந்த இடமும் பள்ளி, பிள்ளைகள் படிக்கும் இடமும் பள்ளி. ஒரு புதிய சமயம் இங்கு வந்து வேரூன்றியபோது, தன் தொழுமிடத்துக்கு ஏற்கெனவே இருந்த தமிழ்ச் சொல்லையே எடுத்துக்கொண்டது. கல்லில் நடந்ததும் இதேதான். மொழிவரலாற்றில் ஈடுபாடுள்ளவர்களுக்குக் கீழக்கரையின் தூண் ஒரு பாடநூல்.

இவற்றை யாரும் எழுதாமல் விட்டுவிடவில்லை. மெஹர்தாத் ஷொகூஹி கடற்கரைப் பள்ளிவாசல்களை அளந்து வரைபடங்களோடு 2003-இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். ஜெ. ராஜா முகமது தமிழகத்தின் இஸ்லாமியக் கட்டடக்கலையைப் பற்றித் தனிநூல் எழுதினார். கோம்பை எஸ். அன்வரின் ‘யாதும்’ ஆவணப்படம் 2013-இல் வந்தது. சீறாப்புராணத்தைப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் நாம். உமறுப்புலவரை ஆதரித்த சீதக்காதியின் கொடையைப் பழமொழியாகவே சொல்கிறோம். அவருடைய கீழக்கரையில் அக்காலத்துக் கற்பணி இன்னும் நிற்கிறது என்பதைக் காணச் சென்றவர்கள் நம்மிடையே எத்தனை பேர்? தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை விரும்பிப் படித்தவர்கள்கூட, அவர் பிறந்த தேங்காய்ப்பட்டணத்தின் பழைய பள்ளிவாசலைத் தேடிப்போகும் யோசனையை எளிதில் அடைவதில்லை. நூல் நமக்கு வந்து சேர்ந்துவிட்டது. இடம் வந்து சேரவில்லை.

இரண்டாவது காரணம் அரசின் பட்டியலில் இருக்கிறது. இஸ்லாமியத் தலம் என்றால் நாகூரும் ஏர்வாடியும் நினைவுக்கு வரும் அளவுக்குத் தர்காக்கள் இடம்பெற்றிருக்கின்றன, நியாயமாகவே இடம்பெற்றிருக்கின்றன. தர்காவுக்கு எல்லோரும் போகலாம், பள்ளிவாசலுக்கு முஸ்லிம்கள் மட்டும் என்று ஓர் எழுதாத விதி உண்டாகிவிட்டது. மார்க்கம் அப்படி விதித்திருப்பதாக நமக்குத் தெரியவில்லை. பழக்கம் விதித்திருக்கிறது.

மூன்றாவது காரணத்தைச் சொல்ல முஸ்லிம் நண்பர்களின் பொறுமையை வேண்டுகிறோம். பல ஊர்களில் பழைய பள்ளிவாசல் இப்போது பார்ப்பதற்கு இல்லை. இடம் போதவில்லை என்பதற்காகவும், வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்காகவும், பக்கத்து ஊரில் பெரிதாகக் கட்டிவிட்டார்கள் என்பதற்காகவும் கல்மண்டபங்கள் இடிக்கப்பட்டுக் கான்கிரீட் மாளிகைகள் எழுந்திருக்கின்றன. தூண்களுக்குப் பளபளப்பான வண்ணம், சுவருக்குக் குளியலறை ஓடு, முகப்புக்கு எங்கோ பார்த்த குமிழ்மாடத்தின் நகல். திருப்பணி என்ற பெயரில் மணல் பீய்ச்சிக் கல்வெட்டுகளைத் தேய்த்த கோயில்களைப் பற்றி நாம் எழுதியிருக்கிறோம். அதே நோய்தான் இது. தொழ வருபவர்களுக்கு இடம் வேண்டும் என்பது நியாயமான தேவை. அந்தத் தேவைக்குப் பழையதை இடிப்பது ஒன்றே வழி என்று அவர்களை நினைக்கவிட்டது யார்? அந்தக் கட்டடத்தின் அருமையை அவர்களிடம் போய்ச் சொன்னவர் ஒருவருமில்லை. யாரும் தேடி வராத கட்டடத்தை அதன் உடையவர்களே சாதாரணமாக நினைக்கத் தொடங்குவார்கள்.

*

இனி மறுதரப்பு. இதைக் கேலியாகவோ மேலோட்டமாகவோ கடந்துபோக முடியாது.

‘நாங்கள் தொழுகிற இடம், வேடிக்கை பார்க்கிற இடம் அன்று’ என்பது முதல் மறுப்பு. முழுமையாக ஏற்கவேண்டிய மறுப்பு. ஐந்து வேளைத் தொழுகையும் வெள்ளிக்கிழமையின் கூட்டமும்தான் ஒரு பள்ளிவாசலைப் பள்ளிவாசலாக வைத்திருக்கின்றன. அவை நின்றுபோனால் மிஞ்சுவது வெறும் மண்டபம்.

இரண்டாவது மறுப்பு பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. புராதனச் சின்னம் என்று அறிவித்துவிட்டால் தொழுகை என்ன ஆகும் என்ற அச்சம் அது. வேலூர்க் கோட்டைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரே கோட்டைக்குள் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றும் இருக்கின்றன. சலகண்டேசுவரர் கோயிலில் நெடுங்காலம் இல்லாதிருந்த வழிபாடு 1981-இல் மீண்டும் தொடங்கி இன்றுவரை நடக்கிறது. தேவாலயத்தில் ஆராதனை நடக்கிறது. தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள பள்ளிவாசலில் தொழுகைக்கு அனுமதியில்லை. அதற்குச் சொல்லப்படும் சட்டக் காரணங்கள் எவையாயினும், ஒரு ஜமாஅத் தலைவர் அதிலிருந்து கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றுதான்: பாதுகாக்கப்பட்டது என்றால் பூட்டப்பட்டது.

சட்டத்தின் பிற பக்கங்களும் ஆறுதல் தருவனவாக இல்லை. மைய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் ஒரு கட்டடம் சேர்ந்தால், 2010-இன் திருத்தத்தின்படி அதைச் சுற்றி 100 மீட்டர் வரையில் புதிதாக எதுவும் கட்டக்கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரையில் அனுமதி பெற்றே கட்டவேண்டும். நெருக்கமான பூந்தமல்லிக் கடைத்தெருவில் 100 மீட்டர் என்பது எத்தனை குடும்பங்களின் வீடு! மேலும் 1991-ஆம் ஆண்டின் வழிபாட்டிடங்கள் சட்டம், 1947 ஆகஸ்ட் 15 அன்று ஒரு வழிபாட்டிடம் எத்தன்மையில் இருந்ததோ அத்தன்மையிலேயே தொடரவேண்டும் என்கிறது. ஆனால் தொல்லியல் சட்டத்தின்கீழ் வரும் பழஞ்சின்னங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்ற விலக்கும் அதிலேயே இருக்கிறது. 2025-இன் வக்ஃப் திருத்தச் சட்டம், பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்த சொத்தை வக்ஃப் என்று அறிவித்தது செல்லாது என்ற பிரிவைக் கொண்டுவந்தது. ‘எங்கள் பள்ளிவாசல் பழைமையானது’ என்று உரக்கச் சொல்ல ஒரு ஜமாஅத் தயங்கினால், அந்தத் தயக்கத்தை அறியாமை என்று நாம் எழுதிவிட முடியாது.

அதற்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. ஒரு பள்ளிவாசலின் வயதைக் கேட்பதே இந்த நாட்டில் இன்று சாதாரணக் கேள்வியாக இல்லை. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் சம்பலில், பழைய ஜும்மா பள்ளிவாசலை ஆய்வு செய்யப் போனதைத் தொடர்ந்த கலவரத்தில் உயிர்கள் பலியாயின. அடுத்த மாதம் உச்சநீதிமன்றம் இத்தகைய புதிய வழக்குகளைப் பதிவதையும் ஆய்வுக்கு உத்தரவிடுவதையும் நிறுத்திவைத்தது. கோயிற் கற்களைக் கொண்டு கட்டப்பட்டவை என்று பள்ளிவாசல்களைப் பட்டியலிடும் நூல்களில் பூந்தமல்லியின் பெயரும் உண்டு. கையில் அளவுநாடாவோடு வருகிற அந்நியரைப் பார்த்ததும் ‘எதற்குக் கேட்கிறீர்கள்?’ என்று முத்தவல்லி கேட்டால், அக்கேள்வியின் பின்னால் இவ்வளவும் நிற்கிறது.

அப்படியானால் பேசாதிருப்பதே நல்லது என்று முடிவுகட்டலாமா? கூடாது என்பது நம் எண்ணம். மௌனம் இந்த இடங்களைக் காப்பாற்றவில்லை. வரலாறு தெரியாத இடத்தில் வதந்திதான் வரலாறாகக் குடியேறுகிறது. பட்டியல் போடுகிறவர்கள் எழுதியதைத் தவிர ஒரு பள்ளிவாசலைப் பற்றி வேறொன்றும் எழுதப்படாவிட்டால், நாளை படிப்பவர் அதையே நம்புவார். தமிழ்நாட்டுக் கட்டடங்களில் கல் இடம்மாறியதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. கோயிலின் கல் கோயிலுக்கும், கோட்டைக்கும், அணைக்கும், தேவாலயத்துக்கும், பள்ளிவாசலுக்கும் போயிருக்கிறது. வென்றவர் கொண்டுபோனதும் உண்டு, கிடந்ததை எடுத்ததும் உண்டு. எந்தக் கட்டடத்திலேனும் அப்படி ஒரு கல் இருந்தால், அதை மறைப்பதைவிட அறிஞர்களைக் கொண்டு ஆராய்ந்து உள்ளபடி சொல்வதே நேர்மை. நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய கல்லுக்கு இன்று தொழுபவர் பொறுப்பாளி அல்லர் என்பதையும் அதே பலகையில் எழுதலாம்.

*

தொழுகையும் வருகையும் ஒன்றாக இருக்க முடியுமா என்ற ஐயத்துக்குத் தமிழர் போய்க் குடியேறிய ஊர்களே விடை தருகின்றன.

சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள், சூலியாக்கள், 1826-இல் நிறுவியது. அதே சாலையில் சில அடி தூரத்தில், அதற்கடுத்த ஆண்டு பினாங்கிலிருந்து வந்தவர் ஒருவரின் முன்முயற்சியில் உருவான மாரியம்மன் கோயில். பள்ளிவாசலின் பக்கத்துத் தெருவுக்குப் பள்ளிவாசல் தெரு என்றும், கோயிலின் பக்கத்துத் தெருவுக்குக் கோயில் தெரு என்றும் ஆங்கிலத்தில் பெயர். ஜாமிஆ பள்ளிவாசல் 1974-இல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதற்காக ஒரு வேளைத் தொழுகையும் நிற்கவில்லை. பினாங்கில் காதர் மொகைதீன் 1801-இல் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 2008-இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ் டவுனின் பெருமைகளில் ஒன்று. வருபவருக்கு உடலை மறைக்க அங்கி கொடுப்பார்கள். தொழுகை நேரத்தில் காத்திருக்கச் சொல்வார்கள். கேட்டதற்கு விளக்கம் சொல்வார்கள். கொழும்பு புறக்கோட்டையில் 1909-இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்பு வெள்ளைப் பள்ளிவாசலைச் சம்மாங்கோட்டுப் பள்ளி என்று தமிழில் அழைக்கிறார்கள். இந்தியாவிலிருந்து போன முஸ்லிம் வணிகர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. இன்று கொழும்புக்குப் போகும் பயணிகள் அதன் படம் எடுக்காமல் திரும்புவது அரிது.

மூன்றையும் எழுப்பியவர்களின் மூதாதையர் பெரும்பாலும் நம் கடற்கரைக்காரர்கள். கடல் கடந்துபோய் அவர்கள் கட்டியவற்றைப் பார்க்க விமானச்சீட்டு வாங்குகிறோம். புறப்பட்ட ஊரில் அவர்கள் தொழுத கல்மண்டபத்தைப் பார்க்கப் பேருந்துச்சீட்டு வாங்கவில்லை.

பக்கத்திலேயே கேரளம் இருக்கிறது. கொடுங்கல்லூர் சேரமான் ஜும்மா பள்ளிவாசல் கி.பி. 629-இல் எழுந்தது என்பது அங்குள்ள மரபு. இடம் போதாமல் கான்கிரீட்டில் விரிவாக்கி, பழைய முகம் மறைந்துபோன நிலையில் அது இருந்தது. முசிறிஸ் மரபுரிமைத் திட்டத்தின்கீழ் அந்தச் சேர்க்கைகளை அகற்றி, ஓடு வேய்ந்த பழைய தோற்றத்தை மீட்டார்கள். கூடுதலாக வருபவர்கள் தொழுவதற்கு நிலத்தடியில் கூடம் அமைத்தார்கள். இடநெருக்கடிக்கும் பழைமைக்கும் ஒரே சமயத்தில் விடை காண முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அங்கே நிர்வாகக் குழுவினரும் அரசும் ஒன்றாக அமர்ந்து பேசினார்கள். நம்மிடம் மரபுக் கட்டடங்களுக்கான ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. ஆணையம் அமையப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அது உட்கார்ந்து பேசவேண்டிய முதல் சிலரில் ஜமாஅத்துகளும் இருக்கவேண்டும்.

*

ஆகவே நாம் வேண்டுவது சீட்டு விற்கும் சுற்றுலாவை அன்று. விருந்தோம்பலைத்தான் வேண்டுகிறோம். விருந்தினர் எப்போது வரலாம், எதுவரை வரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை வீட்டுக்காரருடையது. அந்த உரிமை ஜமாஅத்திடம் இருக்கும்வரை, தொழுமிடம் காட்சிச்சாலை ஆகிவிடாது.

இதற்குக் கோடிகள் வேண்டியதில்லை. கல்வெட்டின் வாசகமும் அதன் தமிழாக்கமும் எழுதிய ஒரு பலகை. தொழுகை வேளைகளைத் தவிர்த்து, வாரத்தில் ஒருநாள் சில மணி நேரம் திறந்த கதவு. வருபவருக்கு விளக்கம் சொல்ல, ஊரின் கதை தெரிந்த ஒருவர். ஓய்வுபெற்ற ஆசிரியரோ கல்லூரியில் படிக்கும் மாணவரோ போதும். ஜெர்மனியில் 1997 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 3 அன்று பள்ளிவாசல்கள் எல்லோருக்கும் கதவு திறக்கின்றன. சிறுபான்மையாகக் குடியேறியவர்களே முன்வந்து அழைத்த ஏற்பாடு அது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் இந்த மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு அதைவிடக் கூடுதல் உரிமையும் நம்பிக்கையும் உண்டு.

வருபவர்களில் பெண்கள் இருப்பார்கள் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். இங்குப் பல பள்ளிவாசல்களில் முஸ்லிம் பெண்களுக்கே இடமில்லை. பெண்கள் பள்ளிவாசலில் தொழ மார்க்கத்தில் தடையில்லை என்று முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமே 2020-இல் உச்சநீதிமன்றத்தில் சொன்னது. வெளியூர்ப் பெண்ணை மண்டபம் பார்க்க அழைத்துவிட்டு, அடுத்த தெருப் பெண்ணை வாசலில் நிறுத்துவது பொருத்தமாக இராது. கதவு திறப்பது என்றால் இருவருக்கும் திறக்கவேண்டும்.

சென்னைக்குள் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. வாலாஜா நவாபின் குடும்பத்தார் 1795-இல் கருங்கல்லில் எழுப்பிய திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலின் காலத்தைக் குறிக்கும் பாரசீகக் கவிதையை எழுதியவர் ராஜா மக்கன்லால் கிராத் என்ற இந்து அறிஞர். தொழுகைக் கூடத்தில் அது பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே பள்ளிவாசலின் ரமலான் நோன்பு திறப்புக்கு, மயிலாப்பூரில் உள்ள சூஃபிதார் கோயிலைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் பல பத்தாண்டுகளாக உணவு கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். ரமலான் மாதத்தில் கோம்பை அன்வர் அங்கு மரபு நடைகளை நடத்தியிருக்கிறார். போனவர்கள் கட்டடத்தையும் பார்த்தார்கள், நோன்புக்கஞ்சியும் குடித்தார்கள். ஒரு பள்ளிவாசலைப் பார்க்கச் சரியான முறை இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. படம் எடுப்பதற்கு முன் கேட்பது, தொழுபவரின் முன்னால் குறுக்கே போகாதிருப்பது, ஒளுச் செய்யும் இடத்தை விளையாட்டுக் குளமாகப் பார்க்காதிருப்பது போன்றவை சிறிய மரியாதைகள். அவற்றைவிடப் பெரியது, பார்த்ததை எழுதுவது. பூந்தமல்லியைப் பற்றிய எழுத்து ஒரு பட்டியலில் வரும் ஒற்றை வரியாக நின்றுவிடாமல், ருஸ்தம் யார், அவருடைய ஊர் எது, அந்தக் காலத்துப் பூந்தமல்லி எப்படி இருந்தது, அங்கு யார் யார் எந்தெந்த மொழிகளில் பேசினார்கள் என்று விரியவேண்டும். திருக்கச்சி நம்பிகளின் ஊரும் ருஸ்தமின் ஊரும் ஒரே ஊர்தான். ஒருவருடைய கதையைச் சொல்ல மற்றவருடையதை மறைக்கவேண்டிய அவசியம் எப்போதும் இருந்ததில்லை.

திருவலிதாயத்தின் கரிக்குருவிக் கதையைச் சொல்லப் பழகிய பாடிக்கு இது புதிய பாடமன்று. அடுத்தமுறை மேற்கே போகும் உறவினருக்கு நாம் எழுதிக்கொடுக்கும் வழிக்குறிப்பில் திருவேற்காடு, மாங்காடு, பெருமாள் கோயில் ஆகியவற்றோடு இன்னொரு வரியும் சேரட்டும்: பழைய பள்ளிவாசல், 1653, வெள்ளிக்கிழமை மதியம் தவிர்க்கவும், உள்ளே போகுமுன் கேட்கவும்.